மாடல் வீட்டில் பால் காய்ச்சியவர்கள்

...பொருளாதார மந்தம், பொருளாதார மந்தம்னு அரை மணி நேரமா நானும் புள்ளிவிவரம் சொல்லிட்டிருக்கேன். முன் வரிசையில ரெண்டு பேர் தூங்கியாச்சு. அதனால அதை மூடி வெச்சுட்டு ஒரு கதை சொல்றேன். சின்னக் கதைதான். தூங்குறவங்களை எழுப்பி விடுங்க!

திருப்பூர்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தர். பனியன் கம்பெனி டெய்லர். ஆர்டர் நின்னுச்சு... கம்பெனி மூடிட்டாங்க... வாடகை நின்னுச்சு... வீட்டுக்காரர் "காலி பண்ணுங்க"ன்னுட்டாரு. நாச்சிமுத்து, சம்சாரம் ருக்குமணி, பொண்ணு தேன்மொழி, மூணு பேரும் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ஹால்ல உட்கார்ந்தாங்க. மூணு நாளா எந்த ரயிலும் ஏறலை.

அதே ஊர்ல பிரபாகர்னு ஒரு மேனேஜர். புது அபார்ட்மென்ட். இருபது வீடு கட்டி நிக்குது, ஒண்ணு கூட விக்கலை! பார்க்க வர்றவங்க எல்லாம், "என்னங்க, பேய் பங்களா மாதிரி இருக்கு"ன்னு திரும்பிப் போறாங்க. அவருக்கு ஒரு யோசனை. மாடல் வீட்டுல ஒரு குடும்பத்தைக் குடி வெச்சுட்டா? தேடிப் பிடிச்சு, இவங்களைக் கூட்டிட்டு வந்துட்டாரு.

"வாடகை வேண்டாம். ரெண்டே கண்டிஷன். ஒண்ணு, வர்ற கஸ்டமர்கிட்ட பேசக் கூடாது. சிரிக்கணும், அவ்வளவுதான். ரெண்டு, வீடு வித்துருச்சுன்னா மறுநாளே காலி பண்ணணும்."

தலைக்கு மேல கூரை வந்தாப் போதும்னு உள்ள போனாங்க. மாடல் வீடு எப்படி இருக்கும்? பழம் பிளாஸ்டிக். பொண்ணு கடிச்சுப் பார்த்துட்டுத்தான் தெரிஞ்சுகிட்டா. டி.வி. அட்டை! நாச்சிமுத்து அது முன்னாடி கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்காரு.

"ஏனுங்க, அதுல என்னத்தைப் பார்க்கறீங்க?"

"விளம்பரம் போகுது ருக்கு... முடியட்டும்னு இருக்கேன்."

முதல் கஸ்டமர் வந்தாங்க. புருஷன், பொண்டாட்டி.

"இங்கேயே குடியிருக்கீங்களா?"

மூணு பேரும் சிரிச்சாங்க.

"தண்ணி நல்லா வருதுங்களா?"

சிரிச்சாங்க.

"ஏன்... பேச மாட்டீங்களா?"

இன்னும் நல்லாச் சிரிச்சாங்க!

அந்தம்மா புருஷன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு நாலு மாடியும் படியிலயே இறங்கிட்டாங்க. பேய் பங்களான்னு சொன்னவங்களாவது பரவாயில்லை... இவங்க பேயையே பார்த்துட்டோம்னு ஊரெல்லாம் சொன்னாங்க!

மேனேஜர் தலையில அடிச்சுகிட்டாரு. "பேசித் தொலைங்க தாயே!"

அடுத்து வந்தது பொள்ளாச்சியில இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர். ஒண்டிக்கட்டை. பேர் கோமதி. பேச அனுமதி கிடைச்ச ருக்குமணியைக் கேக்கணுமா? "வாங்கக்கா, உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க. உப்புமா இருக்கு, ரெண்டு வாய் சாப்பிடுங்க." டீச்சர் வீட்டைப் பத்திக் கேட்டாங்க. "காத்து நல்லா வருமுங்க. மழை பெஞ்சா அந்த ஜன்னல் ஒழுகும். ஒரு துணியைச் சுருட்டி வெச்சாச் சரியாப் போயிரும்." மேனேஜருக்கு மூச்சே நின்னு போச்சு.

டீச்சர் தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்து சொன்னாங்க. "எனக்கு இந்த வீடே வேணும்."

மேனேஜர் துள்ளிக் குதிக்கிறாரு. ருக்குமணி கையில கரண்டி... அப்படியே நிக்கிறாங்க. நாளைக்கு மறுபடியும் வெயிட்டிங் ஹால். யோசிச்சுப் பாருங்க, தன் கூரையை வாங்க வந்தவங்களுக்குத்தான் உப்புமா போட்டிருக்காங்க.

அப்பத்தான் டீச்சர் கேட்டாங்க. "புது வீடுதானே? யாரும் பால் காய்ச்சலையே?"

மேனேஜர், "ச்சே ச்சே! சத்தியமா இல்லை மேடம்!"

ருக்குமணி மெதுவா, "நான் காய்ச்சிட்டேனுங்க."

"என்னது!"

"வந்த அன்னிக்கே காய்ச்சிட்டேன். ஒரு வீட்டுக்குள்ள குடி வந்துட்டு, பால் காய்ச்சாம எப்படிங்க சோறு ஆக்குறது?"

மேனேஜர் கத்துறாரு. "மேடம், அதெல்லாம் கணக்குல வராது! இவங்க குடித்தனக்காரங்களே இல்லை! அந்த அட்டை டி.வி. மாதிரி இவங்களும் சும்மா ஷோவுக்கு!"

டீச்சர் ஒரு பார்வை பார்த்தாங்க. "ஏம்ப்பா... இந்தக் கட்டடத்துலயே நிஜமா இருக்கிறது இவங்க மட்டும்தானே? பால் காய்ச்சிட்டாங்கன்னா இது அவங்க வீடு. எனக்கு எதிர் வீட்டைக் குடு. ஆனா இவங்க இங்கயே இருக்கணும். கட்டுப்படியாகிற வாடகை வாங்கிக்கோ. இவங்க இல்லைன்னா எனக்கு வீடே வேண்டாம். ஆளில்லாத கட்டடத்துல நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

மேனேஜர் என்ன செய்வாரு? முதல் வியாபாரம்! தலையை ஆட்டிட்டாரு. ரெண்டு மாசத்துல நாச்சிமுத்துவுக்கு வேற கம்பெனியில வேலையும் கிடைச்சுது. அட்டை டி.வி.யை இன்னும் அவர் எடுக்கலையாம்... பழகிப் போச்சாம்!

சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா நான் ஏன் இதைச் சொன்னேன்? மந்தம் வந்தா என்ன ஆகுது? வீடு ஆளில்லாம நிக்குது... ஆளு வீடில்லாம நிக்கிறான். நடுவுல இருக்கிறது ஒரு சாவி. அந்தச் சாவி யார் கையில இருக்கு? உங்க கையிலயும் என் கையிலயும்தான் இருக்கு. பத்து மாச அட்வான்ஸ் கேட்டு அதை நாம இறுக்கிப் பிடிச்சுகிட்டிருக்கோம்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா கோவிச்சுக்கக் கூடாது. இன்னிக்குக் கூட்டத்துல மூணாவது தீர்மானம் என்ன? எதிர்த்த பஸ் ஸ்டாப்புல தங்கியிருக்கிற குடும்பத்தை அப்புறப்படுத்தணும்... சரி. யாராவது ஒருத்தர் போய் அவங்களைப் பார்த்தீங்களா? நான் வர்ற வழியில பார்த்தேன். அந்தம்மா பஸ் ஸ்டாப்பைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, கோலம் போட்டிருக்காங்க.

உங்க கட்டடத்துல பூட்டிக் கிடக்கிற பன்னெண்டு வீட்டையும் பார்த்தேன். ஒரு வாசல்லயும் கோலம் இல்லீங்க.