யார் கைச் சாண்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால், வீட்டிலேயே கார் சீட்டுக்குத் தோலுறை தைக்கும் கணவனும் மனைவியும் இருந்தார்கள். நாளைய கல்யாணத்துக்குள் உறை வேண்டுமென்ற கார்க்காரர் நல்லவேளையாக அந்த பஸ்ஸில் இல்லை.

“ஆறு சாண்னு சொன்னனே அம்மிணி, ஒரு சாண் குறையுதே!”

“ஏனுங்க, உங்க சாண்னு சொன்னீங்களா? வெட்டுனது என்ற கையாலீங்க.”

“உறை பத்தலீன்னா இனி அவரு காரு நம்ம ஊட்டுக்கு வராது, புள்ள.”

“நடுவுல செகப்புத் தோலு வெச்சுத் தெச்சுரலாமுங்க. புது மாடல்னு சொல்லிப்போடுங்க.”

“சரி, அதை எந்தக் கையால அளக்கறது?”

பக்கத்து சீட்டுக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

பாலக்காட்டில் அவர்கள் நுழைந்த தோல் கடையில் எனக்கும் ஒரு செருப்பு வார் வேண்டியிருந்தது. கடைக்காரர் அவர்களுக்குக் கணக்குச் சொன்னார்: சிவப்புத் தோல் மூன்று ரூபாய், இஞ்சு டேப் ஆறணா.