ஆள் வரவில்லை

"காது மட்டும் கேட்டிருந்தா, காது போனதுக்கான பென்ஷன் இந்நேரம் கிடைச்சிருக்கும் மச்சான்."

வேதாரண்யம் பேருந்து தஞ்சாவூரை விட்டு இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன்னிருக்கைக்காரர் பேசியது கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். அப்போதுதான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த மைத்துனர், அவருடைய இடது காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"என்ன சொல்றீங்க மாப்ள? இன்னிக்குத்தானே மெடிக்கல் போர்டு?"

"போர்டுதான். பதினாறு வருஷம் பீரங்கிப் பக்கத்துல நின்னேன். காது போச்சு, பட்டாளத்துக்கு லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்புனாங்க. ஆனா காது போனதுக்கும் பீரங்கிக்கும் சம்பந்தமே இல்லையாம். அப்பீல் போட்டதுக்கு இன்னிக்கு வரச் சொன்னாங்க. எட்டு மணிக்கே போய் உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? உள்ள உக்காந்தபடியே மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். ஆள் வரலன்னு எழுதிட்டான்."

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு பேப்பர்ல இருக்குல்ல?"

"அந்தப் பேப்பரப் பாத்துத்தான் மச்சான் பேரே கூப்பிட்டிருக்கான்! பெரிய அறிவாளி. உங்க தங்கச்சி துணைக்கு வந்திருப்பா. நடவுக்கு ஆளுங்க இன்னிக்குத்தான் கிடைச்சாங்க."

நடத்துனர் பின்னாலிருந்து இரண்டு முறை டிக்கெட் கேட்டார். பிறகு, முன்னால் வந்து நின்று அவர் தோளைத் தொட்டார்.

"இவருக்கு இருக்கிற புத்தி அங்க ஒருத்தனுக்கும் இல்ல" என்றார் முன்னிருக்கைக்காரர், டிக்கெட்டை வாங்கிக்கொண்டே.

"சரி, மறுபடி எப்ப வரணுமாம்?"

"போன்ல கூப்பிட்டுச் சொல்றாங்களாம்."