உடம்புக்குள் ஒரு துறைமுகம்

வால்டர்: தூங்கிடாதமே. அலை சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் உள்ளங்கைய தேயி.

எல்சி: எரியிதுய்யா... இன்னும் எத்தினி அலை?

வால்டர்: ஏழு. மெள்ளமா... காசிமேட்ல விடிகாலைல தண்ணி வந்து போட்டை தொட்டுட்டு போவும்ல, அப்டி.

எல்சி: கப்பலு ஆச்சா?

வால்டர்: ரெண்டு கைய குவிச்சி ஊதினேன், கப்பல் ஹாரன் ஆச்சி. தம்பி ஃப்ரெடி நெட்டி முறிச்சான், கிரேன் ஆச்சி. உன் தங்கச்சி ஃப்ளோரன்ஸ் கொறட்டைதான் அத்திப்பட்டு பவர் ஹவுசு.

எல்சி: அய்ய... அவளுக்கு தெரியுமா?

வால்டர்: சிடி மேல பேரு போடுறேன்னேன். ஒத்துகினா.

எல்சி: அசோகன் சார் படத்துக்கு ஒரு தபலா கூடவா வேணாம்?

வால்டர்: வேணாம். எல்லாமே மன்சன் ஒடம்புலேந்து வர்ற சத்தம்தான். படத்துல துறைமுகம் தூங்கிகினே கனா காணுது... அதுக்கு மூச்சு வேணும்ல? நாளைக்கி குடுக்கலன்னா வேற ஆள பாத்துக்குவாரு.

எல்சி: போனா போவுது, உடேன்.

வால்டர்: இருவது வருசம் கப்பல்ல துரு தட்டினவன்மே நானு. அந்த சுத்தி சத்தத்துல ஒருத்தன் வாய ஒருத்தன் பாத்துதான் பேசிக்குவோம். இப்பதான் இப்டி மெல்லிசா ஒரு வேலை கெடைச்சிது... இத உட்டா எனக்கு ஏது?

எல்சி: ...

வால்டர்: இன்னா சொன்ன? இந்தாண்ட திரும்பு. மைக்கு இங்க கீது.

எல்சி: காது டாக்டர நெசமா பாத்தியான்னு கேட்டேன்.

வால்டர்: பாத்தேன்னு சொன்னேனே! காது சுத்தமா கீதாம்.

எல்சி: அப்பால ஏன் ஸ்பீக்கர் மேல கைய வெச்சிகினே கீற?

வால்டர்: நீ தேய்ச்ச அலைமே... உள்ளங்கைல ஏறுது. தொட்டுப் பாரு.

எல்சி: ம்... பூனைக்குட்டி வயிறு மாதிரி கீது.

வால்டர்: உன் நெஞ்சு சத்தம் ஒண்ணுதான் பாக்கி. கப்பல்லாம் போனப்பறம் அது மட்டும் அடிக்கும்... படம் முடிஞ்சிரும்.

எல்சி: அடிச்சிகினுதான் கீது. பயத்துல.

வால்டர்: பேஜாரு பண்ணாத. இன்னா பயம்?

எல்சி: நான் பேசுறது உனக்கு கேக்குதா?

வால்டர்: கணீர்னு கேக்குது. ஏன்?

எல்சி: வால்டர்... கதவ சாத்துனதுலேந்து நான் கொரலே உடல. வாய மட்டும்தான் அசைச்சிகினு கீறேன்.