அக்கா வாசித்த வசனம்

— வழிய விடுங்க அக்கா. நான் போகத்தான் போறன்.

— எங்க போறாய்?

— பள்ளிக்கூடத்துக்கு. பின்னேரம் அஞ்சு மணிக்குக் கூட்டமாம். உங்களுக்குப் பாராட்டு விழா வைக்கிறதா விடுறதா எண்டு கைய உயர்த்திப் பாக்கப் போறாங்களாம். கேட்டீங்களா அநியாயத்த? முப்பத்திரண்டு வருசம் நாட்டுக்கு வேலை செஞ்ச மனிசிக்கு மாலை போடுறதுக்கு வெல்லாவெளியில கை எண்ணுறாங்க!

— விஜிதரன், முதல்ல இந்தக் கதிரையில இரு. கொழும்பில இருந்து எட்டு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறன். இன்னும் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கல்ல. என்ன நடந்தது? ஒழுங்காச் சொல்லு.

— என்ன நடந்த? முந்தநாள் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் கிடந்த. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு. பதாகை அடிச்சாச்சு. உங்கட படம் பெரிசா. கீழ "வியட்நாம், எகிப்து, போலந்து ஆகிய நாடுகளின் முன்னாள் தூதுவர் மங்கையற்கரசி". எழுத்துப் பிழை இரிக்கா எண்டு நான்தான் பாத்துக் குடுத்த. மறுகா நேத்துக் கூட்டத்தில அந்தப் பொம்பிள ஒழும்பிச்சு.

— எந்தப் பொம்பிளை?

— பிரஷாந்தி. கந்தப்போடியார்ர மகள். இப்ப அந்தப் பள்ளிக்கூடத்திலதான் படிப்பிக்கிறாள்.

— தெரியும். அவள்ட கலியாணத்துக்கு நான் சேலை அனுப்பினனே.

— அந்தச் சேலைய உடுத்துக்கொண்டுதான் வந்தாளோ என்னவோ! ஒழும்பி நிண்டு, சத்தம் போடாம, புள்ளைகளுக்குப் பாடம் நடத்திற மாதிரிச் சொல்றாள். "தூதுவரம்மாக்கு மாலை போடுறதுக்கு எனக்கு ஒரு தடையும் இல்ல. ரெண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வெளிநாட்டுச் சபையில அவங்க வாசிச்ச அந்த ஒரு வசனத்த எங்கட மேடையில, எங்கட முகத்தப் பாத்து ஒருக்கா வாசிக்கட்டும். பொறகு மாலைய நானே போடுறன்." இப்பிடி!

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதானாவா? என்னக்கா இப்பிடிக் கேக்கிறீங்க! பள்ளிக்கூட அதிபர் மேசையப் பாத்துக்கொண்டு இரிக்கார். உங்களிட்ட உதவி வாங்கின ஆக்கள் எத்தின பேர் அதுக்குள்ள! கதிரவெளிப் பொடியன் சம்பளமும் இல்லாம, பாஸ்போட்டும் இல்லாம எகிப்தில கப்பலுக்குள்ள மாட்டுப்பட்டுக் கிடந்த நேரம், மூணு கிழமையில எடுத்துக் குடுத்தது ஆரு? அவன்ட மாமன் முன்வரிசையில இரிக்கான், வாயத் திறக்கல்ல. நான் ஒராள்தான் கத்தினன்.

— என்ன எண்டு கத்தினாய்?

— ஆரிட்டக் காசு வாங்கிக்கொண்டு இந்தக் கதை கதைக்கிறாய் எண்டு கேட்டன்.

— விஜிதரன்! பிள்ளையப் பறிகுடுத்தவளப் பாத்தா அப்பிடிக் கேட்டாய்?

— கோவத்தில வந்திட்டு.

— கோவம் எண்டா என்னவும் சொல்லலாமா? இப்பவே போய் அவளிட்ட மன்னிப்புக் கேள்.

— நான் கேக்கமாட்டன்! அவள் வந்து கேக்கட்டும், அவள்ட அப்பன் வந்து கேக்கட்டும். பதினெட்டு வருசமா நான் கந்தப்போடியாரோட முகம் குடுத்துக் கதைக்கிறல்ல. உங்களுக்குத் தெரியுமா? ஒரே வட்டையில பக்கத்து வயல். அவர்ர வாய்க்காலால வந்துதான் எனக்குத் தண்ணி பாயணும். தண்ணி திறக்கவும் ஆள் அனுப்பித்தான் சொல்றது. எல்லாம் ஆருக்காக? உங்களுக்காக!

— எனக்காகவா? இத நீ ஒருநாளும் சொல்லல்லயே.

— எப்பிடிச் சொல்ற? நீங்க ஹனோயில இரிப்பீங்க, மறுகா பாத்தா கெய்ரோவில. வருசத்துக்கு ஒருக்கா ஃபோன் எடுத்து, சுகமா தம்பி எண்டு கேப்பீங்க. பின்னால ஆக்கள் சிரிக்கிற சத்தம், கோப்பை அடிபடுற சத்தம். அந்த நேரத்தில வாய்க்கால் சண்டையச் சொல்றதா?

— இப்ப சொல்லு. அண்டைக்கு அகதி முகாமில என்ன நடந்தது?

— உங்களுக்குத் தெரியாததா?

— நீ சொல்லிக் கேட்டதில்ல. சொல்லு.

— சண்டைக்குப் பயந்து எங்கட படுவான்கரைச் சனம் முழுக்க வாவியத் தாண்டி ஓடி வந்து தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ கிடந்தம். வெயில் எண்டா அப்பிடி வெயில். கந்தப்போடியார் குடும்பமும் நாங்களும் ஒரே தறப்பாள். பிரஷாந்திர பொடியனுக்கு ஏழு மாசம். அவளுக்குப் பால் வத்திப் போச்சு. பால்மா இல்ல. கடையில இல்ல, நிவாரணம் குடுக்கிற லொறியிலயும் இல்ல. கஞ்சிய வடிச்சு வடிச்சுப் பருக்கினம். வயித்தால அடிச்சு மூணாம் நாள் பொடியன் முடிஞ்சிட்டான். அடக்கிப்போட்டு வந்து இரிக்கம், ஆரோ ரேடியோவ முறுக்கிறான். செய்தி போகுது. உங்கட பேர் கேட்டு எல்லாரும் நிமிந்திட்டாங்க.

— செய்தியில என்ன சொன்னாங்க?

— என்ட வாயால சொல்லணுமா?

— சொல்லு.

— "நான் அந்த மண்ணில் பிறந்தவள் என்ற முறையில் இந்தச் சபைக்குச் சொல்கிறேன், முகாம்களில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பால்மா தாராளமாகக் கிடைக்கிறது." பாத்தீங்களா, எழுத்து மாறாம இரிக்கி. கந்தப்போடியார் உங்கட பேரச் சொல்லிக் காறித் துப்பினார் அக்கா. நான் பாஞ்சு போய் அவர்ர சேட்டுக் கழுத்தப் புடிச்சன்.

— பேரன அடக்கிப்போட்டு வந்த மனிசன்ட சேட்டயா?

— ஓம், கையில மண்ணும் காயல்ல அந்தாளுக்கு. புடிச்சன்தான்! ஏன் புடிச்சன்? என்ட அக்காக்கு இஞ்ச நடக்கிற ஒண்டும் தெரியா. கொழும்பில இருந்து தாள் வரும், அத வாசிக்கிறதுதான் அவட உத்தியோகம். வாசிக்காட்டி வீட்ட போ எண்டுவாங்க. இதத்தான் அந்தத் தறப்பாளுக்குக் கீழ நிண்டு கத்தினன். அண்டைக்குத் துவங்கினது. கலியாண வீட்டில சொல்லியிரிக்கன், செத்த வீட்டில சொல்லியிரிக்கன். அம்மன் கோயில்ல கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணியிரிக்கன்.

— சத்தியமும் பண்ணினியா?

— பண்ணாம? என்ட அக்காவ எனக்குத் தெரியாதா? லாம்பு வெளிச்சத்தில படிச்சு, இந்தக் கரையில இருந்து அந்த வெளிநாட்டுச் சேவைச் சோதினையில பாஸ் பண்ணின முதல் பொம்பிள. அப்பா வயல ஈடு வைச்சுக் கொழும்புக்கு அனுப்பினார். அப்பிடிப்பட்ட மனிசிய இவங்க கை எண்ணி அளக்கிறாங்க!

— தம்பி, அந்தச் சபையில என்னைய ஏன் பேச விட்டாங்க எண்டு யோசிச்சிருக்கிறியா? அந்த நேரம் நான் தூதுவரும் இல்ல. எனக்கு மேல நாலு பேர் அந்தத் தூதரகக் கந்தோரில இருந்தாங்க.

— ஏன் விட்டாங்க?

— பேருக்காக. மங்கையற்கரசி எண்ட பேருக்காக. பிறந்த இடம் மட்டக்களப்பு எண்டு சொல்லலாம் எண்டதுக்காக. வேற ஆர் சொன்னாலும் சபை நம்பாது.

— அதத்தான் நானும் சொல்றன்! உங்களக் கேடயமாப் பிடிச்சிட்டாங்க, பாவிகள். நாங்க உங்கள ஏசுறதா அவங்கள ஏசுறதா?

— அடுத்த வருசமே என்னைய வியட்நாமுக்குத் தூதுவரா அனுப்பினாங்க.

— அது உங்கட தகுதிக்கு.

— தகுதிக்கு எண்டா அஞ்சு வருசத்துக்கு முதலே அனுப்பியிருக்கணும். எனக்குப் பிறகு சேந்த ரெண்டு பேர் அதுக்கு முதலே தூதுவர் ஆகிட்டாங்க. நான் கோப்பு தூக்கிக்கொண்டு பின்னால நடந்தன். அந்த வசனத்துக்குப் பிறகு ஒரு நாடு இல்ல, மூண்டு நாடு.

— போதும் அக்கா. இப்பிடி உங்கள நீங்களே குத்தாதீங்க. இஞ்ச கேளுங்க. ரெண்டு பேரும் போவம். மேடையில ஏறி, "எழுதித் தந்தத வாசிச்சன், எனக்கு ஒண்டும் தெரியா" எண்டு மட்டும் சொல்லுங்க. சனம் விளங்கிக்கொள்ளும். பிரஷாந்தியும் அழுதுபோட்டு அடங்கிருவாள். நானும் கந்தப்போடியார்ர வாசலுக்கு நெஞ்ச நிமித்திப் போவன்.

— அப்பிடிச் சொல்ல ஏலா.

— ஏன் ஏலா? ஓய்வெடுத்தாச்சு, இனி ஆர் உங்கள என்ன செய்ற? பென்சன வெட்டிருவாங்களா?

— பிரஷாந்தி கேட்டது நியாயம். நான் வாறன், அந்த வசனத்த அவள்ட முகத்தப் பாத்து வாசிக்கிறன்.

— விசரா உங்களுக்கு? கல்லெறிவாங்க!

— எறியட்டும்.

— அய்யோ, செய்யாத குத்தத்துக்கு ஏன் தலைய நீட்டுறீங்க?

— எனக்கு ஒண்டும் தெரியா எண்டு நீ என்னத்த வைச்சு நம்புறாய், விஜிதரன்?

— தெரிஞ்சிரிந்தா சும்மா இரிப்பீங்களா? உங்களுக்கு அறிவிக்க நான் படாத பாடு பட்டன். முகாமுக்கு வந்த ஃபாதர்ர ஃபோன வாங்கி, உங்கட கந்தோருக்கு எடுத்தன். ஒரு பொட்டை எடுத்தாள், இங்கிலீசு. எனக்குத் தெரிஞ்ச நாலு சொல்லு, சிஸ்டர், பேபி, மில்க், நோ மில்க். திருப்பித் திருப்பி அதையே சொன்னன். ஓகே ஓகே எண்டுபோட்டு வைச்சிட்டாள். உங்களிட்டச் சொல்லல்ல. சொல்லியிரிந்தா கப்பல்ல மா வந்திரிக்கும். அந்த மூதேவிய இண்டைக்கும் திட்டிக்கொண்டுதான் இரிக்கன்.

— அவளத் திட்டாத.

— ஏன் திட்டக்குடாது? அவளால ஒரு புள்ள செத்திட்டு!

— அவள் சொன்னாள்.

— என்ன?

— ஃபோன வைச்ச கையோட ஓடி வந்து சொன்னாள். "உங்கட தம்பி எடுத்தார், பிள்ளைகளுக்குப் பால் இல்லையாம், அழுறார்" எண்டாள்.

— அக்கா...

— கொழும்பில இருந்து வந்த தாள் அப்ப என்ட மேசையிலதான் கிடந்தது. ரோட்டு, கூடாரம், அரிசி, எல்லாம் இருந்தது. பால் எண்ட சொல் அதில இல்ல. உன்ட சத்தம் அந்தச் சபைக்கும் வந்து சேந்திடும், ஆரும் கேள்வி கேக்கிறதுக்கு முதல் பதில் சொல்லிப்போடணும் எண்டு, பேனைய எடுத்து அந்த வசனத்த நான்தான் எழுதிச் சேத்தன், தம்பி.