விலைபோகாத வானம்

சூரியன் அணைந்துபோவதற்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன், சார். இனியவன் ஐயாயிரம் கேட்டான். மல்லாட்டை மண்டிக்காரன் மகன் என்னிடம் கேட்ட விலை எப்போது நின்றிருக்கிறது?

பாட்டுக்குத்தான் சொல்கிறேன். பிளாக் மெட்டல் என்று ஒரு இசை. கிடார் இரைச்சல், தொண்டை கிழியும் கத்தல், வரிகளில் செத்த நட்சத்திரங்களும் ஆளில்லாத அண்டமும். திண்டிவனத்தில் சீந்த ஆளில்லை. ஃபின்லாந்தில் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். குழு என்னுடையது, வரிகள் இனியவனுடையவை. மற்றவர்கள் எழுதினால் வானம் நாடகத் திரை மாதிரி இருக்கும். இவன் நிஜமாகவே பயந்தவன். "மேல இருக்கறது வானம் இல்லண்ணே, மூடி கழண்டுபோன ஓட்டை" என்பான். காய்ந்த மல்லாட்டையைக் காதருகே குலுக்கினால் ஓட்டுக்குள் கடலை ஆடும். அவன் வரிகளில் அந்தச் சத்தம் இருந்தது.

போன வருஷம் அவன் மனைவி இசைவாணி அவனை விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் காட்டினாள். மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் சிரித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, இப்போ மேல பார்த்தா பயமே இல்ல. வெறும் வானம்தான்."

"வெறும் வானத்தை எவன்டா வாங்குவான்?"

"நீங்க வாங்காட்டி போங்க. நான் பார்த்துக்கினு இருப்பேன்."

கொண்டுவந்த பாட்டு முழுக்க மழை, சார். தவளை வேறு.

ஈரச் சரக்கைத் திட்டிப் பயனில்லை, காயவைக்க வேண்டும். வாரா வாரம் வசூலுக்கு விழுப்புரம் போகிறவன் நான். மாத்திரையை நானே வாங்கி வருகிறேன் என்றேன். இசைவாணி கையெடுத்துக் கும்பிட்டாள். டப்பா அதேதான். உள்ளே சத்து மாத்திரை. உடம்புக்கு நல்லதுதான்.

வரிகள் திரும்பி வந்தன. அருமையான வரிகள். ஆனால் பகலிலும் குடையில்லாமல் வெளியே வரமாட்டேன் என்றான். வெயிலில் தெரியாவிட்டாலும் நட்சத்திரங்கள் அங்கேயேதான் இருக்கின்றனவாம். யோசித்தால் அது சரிதான்.

"மாத்திரை தவறாம சாப்ட்டுக்கினுதான் இருக்காருண்ணே. அப்புறம் ஏன் இப்படி? வேளைக்கு ரெண்டா குடுக்கட்டுமா?" என்று இசைவாணி கேட்டாள்.

கொடும்மா என்றேன்.

செவ்வாய்க்கிழமை, கண் மறையக் குடையைத் தாழ்த்திக்கொண்டு பைபாஸைக் கடந்தான். லாரி டிரைவர் தேவநாதனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஹாரன் அடித்திருக்கிறார், பிரேக்கும் போட்டிருக்கிறார். விட்டுவிடுங்கள். என் சுமையை அடுத்தவர் வண்டியில் ஏற்றுவது முறையில்லை. அதனால்தான் வந்தேன். கொஞ்சம் தூங்கவும் வேண்டும்.

எட்டுப் பாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். ஏழு வந்தது. மிச்சம் ஒன்றின் பணத்தை இசைவாணியிடம் கேட்க மனமில்லை, தள்ளுபடி செய்துவிட்டேன். மாத்திரைக்கென்று அவள் தந்த காசில் சத்து மாத்திரை போக மீந்ததையும் துக்க வீட்டிலேயே அவள் கையில் கொடுத்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் சார், அந்தக் குடும்பத்துக்கு நான் ஒரு பைசா பாக்கி இல்லை.