ஏழாம் எண் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் விடுபட்டது குறித்து ஏஞ்சலின் சொன்னது

பெயர் ஏஞ்சலின், வயது 27, தந்தை பெயர் ஆசீர்வாதம், இருப்பு திருப்பாச்சூர் மாதா கோயில் தெரு. நாள் 25.03.2025, காலை 11.20 மணி. நீதித்துறை நடுவர் கேட்டதில், யாரும் அனுப்பாமல் நானாகவே வந்ததாகச் சொன்னேன்.

நான் காக்களூர் தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து வந்தேன். போர்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது என் வேலை. சென்ற ஆண்டிலிருந்து அதை ரஸ்ட் என்ற மொழியில் எழுதி வந்தோம். நாங்கள் எழுதியதைக் கம்பைலர் என்ற மென்பொருள் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் சிவப்பு எழுத்தில் காட்டி நிறுத்திவிடும்.

11.03.2025 அன்று கும்மிடிப்பூண்டியில் உள்ள ஒரு தகடு ஆலையின் ஏழாம் எண் பிரஸ்ஸுக்கான போர்டு மாலை நான்கு மணிக்கு வேனில் போக வேண்டியிருந்தது. அந்த பிரஸ்ஸில் இரண்டு கதவு சுவிட்சுகளும் ஒரு லைட் கர்ட்டனும் உண்டு. லைட் கர்ட்டன் என்பது கை உள்ளே போனால் ஒளி மறிக்கப்பட்டு இயந்திரத்தை நிறுத்தும் சென்சார். இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வைக்க நினைத்து, பட்டியலின் வகை எழுத வேண்டிய இடத்தில் 'பாதுகாப்பு சென்சார்' என்ற டிரெய்ட்டின் பெயரை எழுதினேன். டிரெய்ட் என்பது எதுவென்று நடுவர் கேட்டதில், அது ஒரு வேலையின் வரையறை, பொருள் அல்ல என்றும், ஷிஃப்ட் பட்டியலில் ஆள் பெயர் எழுதும் இடத்தில் 'வெல்டர்' என்று மட்டும் எழுதியது போல என்றும் சொன்னேன்.

கம்பைலர் பதினேழு பிழைகள் காட்டியது. இங்கே வகை வேண்டும், நீ கொடுத்திருப்பது டிரெய்ட் என்றது. அதன் பிறகு அது சொன்ன திருத்தத்தையே போட்டேன், அப்போது அளவு தெரியவில்லை என்றது. அதன் பிறகு வேறு விதமாக மாற்றினேன், அதற்கு வேறு பிழை வந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தேன், சாப்பிடவில்லை. எங்கள் மேனேஜர் ஆதிகேசவன் என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். "இன்னா இன்னும் செவப்பாவே வந்துக்கினு கீது? கம்பைல் ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லு" என்றார்.

அதன் பிறகு சுமார் இரண்டரை மணிக்கு, பட்டியலில் கதவு சுவிட்ச் என்ற ஒரே வகை மட்டும் இருக்கும்படி மாற்றி எழுதினேன். எல்லாப் பிழையும் போய் ஒன்று மட்டும் நின்றது. லைட் கர்ட்டனைப் பட்டியலில் சேர்க்கும் வரி அது. அந்த வரியின் முன் இரண்டு சாய்கோடு போட்டு, அதைக் கம்பைலர் படிக்காதபடி செய்தேன். சிவப்பு மறைந்தது. ஆதிகேசவனிடம் லைட் கர்ட்டன் இதில் இல்லை, நாளை மாட்டும் முன் புதிய புரோகிராமை ஏற்ற வேண்டும் என்று சொன்னேன். அவர் போனில் பேசியபடியே தலையசைத்தார். வேன் போனது.

மறுநாள் காலை நாற்பது நிமிடத்தில் அதைச் சரியாக எழுதி முடித்தேன். பட்டியலில் சென்சார்களுக்குப் பதில் அவற்றின் இருப்பிடத்தை வைத்தால் போதும் என்று அப்போதுதான் பிடிபட்டது. உடனே அதை போர்டில் ஏற்ற வேண்டும் என்று ஆதிகேசவனுக்கு மெயில் அனுப்பினேன். மெஷின் ஓடுகிறது, தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒன்பது நாட்கள் தினமும் அந்தப் பதிலைத் திறந்து பார்த்தேன். ஆலையின் எண் என் போனில் இருந்தது. நான் அழைக்கவில்லை, ஆபத்து தெரிந்தும் இருந்துவிட்டேன். ஏன் என்று நடுவர் கேட்டதில், வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னேன்.

21.03.2025 காலை பத்தே முக்கால் மணிக்கு, எளாவூரைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி கன்னியம்மா, வயது 41, சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது பிரஸ் இறங்கியதில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அன்று மதியம் ஆதிகேசவன் என்னைத் தனியாக அழைத்து, தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் சரியான புரோகிராமை போர்டில் ஏற்றிவிட்டு வரச் சொன்னார். "அந்தம்மா கவனிக்காம கைய உட்டுக்கிச்சு. நீ இதுல பேர கெடுத்துக்காத" என்றார். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கம்பெனி காரில் போனேன்.

ஆலையில் பிரஸ்ஸைக் கழுவியிருந்தார்கள், தரை இன்னும் ஈரமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் எட்வர்ட் மின்சாரம் கொடுத்தார். லேப்டாப் கேபிளைச் செருகும் முன் ஓர் அட்டைத் துண்டை லைட் கர்ட்டனுக்கு நடுவில் நீட்டினேன். சிவப்பாக மாற வேண்டிய பிரஸ்ஸின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. மறுபடி நீட்டினேன், பச்சைதான். எட்வர்ட் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பையில் வைத்துவிட்டு, ஆய்வாளர் வரும்வரை போர்டு இருக்கும் இந்தப் பெட்டியைப் பூட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பூட்டி, பூட்டின் மேல் டேப் ஒட்டி, அதில் நேரம் எழுதினார். ஆதிகேசவனிடமிருந்து ஆறு முறை அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை.

அதன் பிறகு கம்பெனி காரில் ஏறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். கன்னியம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கைய உட்டா செவப்பு எரிஞ்சி நின்னுக்கும்னு சொன்னாங்கோ. அன்னிக்கி பச்சையாத்தான் இருந்திச்சி, நான் பாத்தேன். சொன்னா எவனும் நம்பல. என் புருசனே நம்பல" என்றார். அவர் பார்த்தது சரிதான் என்று சொன்னேன். அதை அவருடைய கணவர் வந்ததும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நான் ஒரு மணி நேரம் காத்திருந்து சொன்னேன்.

மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போர்டு இப்போது ஆய்வாளர் வசம் இருப்பதாக எட்வர்ட் சொன்னார். மெயிலின் நகலையும், புரோகிராமில் எந்த வரி எப்போது மாறியது என்ற பதிவையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன். இது எனக்கே எதிராகவும் பயன்படும் என்று நடுவர் எடுத்துச் சொன்னார், புரிந்துகொண்டேன்.

இதைத் தட்டச்சர் எனக்குப் படித்துக் காட்டினார். ஒன்பது நாட்கள் பற்றிய இடத்தில் 'ஆபத்து தெரியாமல் இருந்துவிட்டேன்' என்று இருந்தது. 'தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு 'தெரிந்தும்' என்று எழுதச் சொன்னேன். எழுதினார், பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஆ. ஏஞ்சலின்