கட்டில் தட்டும் சத்தம்

— ஒடம்புக்கு முடியாம கெடக்கறவனுக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சிருக்காங்க பாரு! இப்ப இருக்கற ஜனத்துக்கு சாவக் கெடந்தாலும் போட்டோவுக்கு நிக்கறா மாதிரியே இருக்கணும்.

— மெதுவா பேசுங்க மாமா. தமிழ்வேந்தன் வீடியோ கால் லைன்லதான் இருக்கான். திருப்பூர்ல அவன் காதுல விழும்.

— விழட்டுமே. டேய் தமிழு, இது இருசப்பன் இல்லடா. வேற எவனையோ காட்ற.

— எங்கப்பாவ எனக்குத் தெரியாதுங்களா பெரீப்பா? நல்லா பாருங்க.

— பாத்துட்டுதான் சொல்றேன். இருசப்பனுக்கு எடது கன்னத்துல தோலு சுருங்கிக் கெடக்கும். கோமுகி டேம் தாண்டி மூணாவது வளைவுல ஜீப்பு கொதிச்சி நின்னுது. ரேடியேட்டர் மூடிய தொறடான்னு நான்தான் சொன்னேன். ஆவி அடிச்சிடுச்சி. கிளீனரா வந்த அவனோட அந்தக் கன்னத்த சைடு கண்ணாடில பாத்துக்கினே இருவது வருசம் வண்டி ஓட்டனவன் நான். இவன் கன்னம் மாவு பெசஞ்சா மாதிரி இருக்குது.

— ஐயோ மாமா, அது போன் பண்ற வேல. தம்பி, மேல மூணு புள்ளி இருக்குது பாரு, அத அமுக்கு. செட்டிங்ஸ் வந்துச்சா? வீடியோவுல போயி பாரு, மூஞ்சிய வழவழன்னு காட்ற டச் அப்னு ஒண்ணு ஆன்ல இருக்கும்.

— ஆமாக்கா, இருக்குது. இது என் வூட்டுக்காரி ஆபீஸ் மீட்டிங் பேசற போனு.

— அத ஆஃப் பண்ணு. அப்பிடியே பின்னாடி மங்கலா வெச்சிருக்கறதையும் எடுத்துடு. ம், அவ்ளோதான். இப்ப பாருங்க மாமா.

— உம். சுருக்கம் வந்துடுச்சி. டேய் இருசப்பா! நான்தான்டா, டிரைவர் அய்யனாரு! இன்னா, வாயத் தொறக்க மாட்றான்?

— பேச்சு போயி ஆறு மாசம் ஆவுதுங்க பெரீப்பா. யாரையும் தெரியல. பெத்த புள்ள என்னையே தெரியல. நாளைக்குக் காலைல காப்பகத்துல சேக்கறதா சொல்லிட்டோம். அதுக்கு முன்ன உங்களையாவது தெரியுதான்னு பாத்துடலாம்னுதான் கூப்ட்டேன்.

— காப்பகமா? டேய், அவனா ஆளத் தெரியாதவன்? வெள்ளிமலை சந்தைக்கு ஒரு நடைக்கு இருவத்திரெண்டு பேரு ஏறுவாங்க. பின்னாடி ஒத்தக் கால்ல தொங்கிக்கினு, எது யாரு புளி, எது யாரு சாம மூட்ட, எவன் கோழி எந்தக் கூடைலன்னு பேரு பேரா சொல்வான். ஒரு நாளும் மாத்தி எறக்கனதில்ல. கரியாலூர்ல டீக்கு நிறுத்தினா எனக்கு சக்கர ஜாஸ்தி, அவனுக்குக் கம்மி. நான் சீட்ட விட்டு எறங்கறதுக்குள்ள டீ வந்துடும்.

— அது அந்தக் காலம் பெரீப்பா. இங்க நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பகல்ல யாரு பாத்துக்கறது?

— தம்பி கேக்கறதும் ஞாயந்தான மாமா. நீங்களே அவர நேர்ல பாத்து எட்டு வருசம் ஆவுது.

— நீ சும்மா இரு ராதிகா. தமிழு, அவன் கை இன்னா பண்ணுது? கட்டில் சட்டத்து மேல.

— அதுங்களா? நடுக்கம். எந்நேரமும் தட்டிக்கினே இருப்பாரு. கீழ் வூட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. அதனால துண்டால கட்டி வெக்கறோம். உங்களுக்காக இப்பதான் அவுத்து வுட்டேன்.

— கட்டி வெக்கறியா? கைய? தட்றான்னு வேற சொல்ற, எனக்கு ஒண்ணுமே கேக்கலியே. உன் பேச்சி மட்டும் கணீர்னு வருது. பொய்யி சொல்றான் ராதிகா.

— பொய் இல்ல மாமா. பேச்ச மட்டும் வுட்டுட்டு மத்த சத்தத்த இது அடக்கிடும். நான் டியூஷன் எடுக்கறப்போ நம்ம வூட்டு குக்கர் நாலு விசில் அடிச்சாலும் புள்ளைங்களுக்குக் கேக்காது.

— எது பேச்சி, எது சத்தம்னு இதுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?

— தம்பி, திரும்ப அதே செட்டிங்ஸ் போ. ஆடியோவ தொடு. நாய்ஸ்னு போட்டு ஹைல இருக்கா?

— ஆமாக்கா.

— ஆஃப் பண்ணு. பண்ணிட்டு போன கட்டில் மேலயே வை. கேக்குது மாமா! டக் டக் டக்குனு!

— வாய மூடு. எண்ணு.

— மூணு. நிறுத்தறாரு. திரும்ப மூணு.

— எனக்கும் மூணுதான்.

— மூணுன்னா இன்னாங்க பெரீப்பா?

— மல ஏறும்போது இஞ்சின் போடற சத்தத்துல கத்தனாலும் கேக்காதுடா. பின்னாடி தகரத்துல தட்டுவான். ஒண்ணு தட்டினா நிறுத்து. ரெண்டு தட்டினா, நானும் தொத்திக்கினேன், கெளம்பு. ஏத்தத்துல நின்னுட்டமுன்னா குதிச்சி எறங்கி மூணு தட்டுவான். பின் சக்கரத்துக்குக் கல்லு குடுத்துட்டேன், பிரேக்குல இருந்து கால எடுன்னு அர்த்தம். அந்தாண்ட கெடுகெடு பள்ளம். அந்த மூணு கேக்காம நான் கால எடுத்ததே இல்ல. எங்கப்பனக் கூட நான் அவ்ளோ நம்பினதில்ல.

— அப்பிடின்னா அப்பாவுக்கு நெனவு இருக்குதுங்களா?

— அது எனக்கு எப்பிடிறா தெரியும்? மொதல்ல கன்னத்த மறைச்சிச்சி, அப்புறம் சத்தத்த மறைச்சிச்சி. இன்னும் எதெத மறைக்குதோ. நீ சொன்னா மாதிரி வெறும் நடுக்கமாவும் இருக்கும். இந்தப் பொட்டிய நம்பி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— அப்ப நாளைக்குக் காப்பகத்துக்கு நான் இன்னா சொல்லட்டும்?

— எங்கியும் அனுப்பாத. அந்தத் துண்ட தூக்கி அந்தாண்ட போடு. நான் கெளம்பறேன். கட்டிலாண்ட உக்காந்து என் காதால கேட்டாத்தான் நம்புவேன்.

— மாமா, இருங்க! இந்த முட்டி வலிய வெச்சிக்கினு சேலத்துல பஸ் மாறி எப்பிடிப் போவீங்க? சட்டையாவது மாத்திக்கினு போங்க! மாமா! போயிட்டாரு தம்பி, தெருவுலயே எறங்கிட்டாரு. யாரு பேச்சையும் நம்பற ஆளு இல்ல. கட் பண்ணட்டுமா?

— வேணாங்கா, கட் பண்ணாத. பெரீப்பா கெளம்பறேன்னு சொன்னதும் அப்பா கை நின்னுது. இப்ப திரும்பத் தட்றாரு. மூணு இல்லக்கா. ரெண்டு.